பிறர் பாட்டைப் பாடுகிறவர்கள்



மேனாட்டு நகரமொன்றில் ஒரு சிறு அரங்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேடையில் நால்வர் தோன்றுகிறார்கள். நால்வருக்கும் ஒரே விதமான கறுப்பு உடை. நெற்றியில் விழும் தலைமயிர். அவர்களுள் ஒருவர் கிட்டாரை இடக்கைப் பழக்கக்காரரைப்போல் மாற்றிப் பிடித்திருக்கிறார். அவர்கள் பீட்டில்ஸ் குழுவினர் அல்லர் என்பது அரங்கில் உள்ள அத்தனை பேருக்கும் தெரியும். அந்தக் குழு 1970ஆம் ஆண்டிலேயே கலைந்துவிட்டது. ஜான் லென்னன் 1980இல் சுட்டுக் கொல்லப்பட்டார். ஜார்ஜ் ஹாரிஸன் 2001இல் காலமானார். இவ்வளவும் அறிந்தவர்கள்தாம் காசு கொடுத்துச் சீட்டு வாங்கி வருகிறார்கள். முதற்பாட்டின் முதலடி ஒலித்ததும் எழுந்து நின்று தாங்களும் சேர்ந்து பாடுகிறார்கள். இது என்ன விந்தை?

இத்தகைய குழுக்களை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். பலருடைய பாடல்களையும் கலந்து பாடுகிற குழுவைக் 'கவர் பாண்டு' என்பார்கள். ஒரே குழுவின் பாடல்களை மட்டும் எடுத்துக்கொண்டு, பல சமயம் அவர்களுடைய உடை, நடை, பேச்சு முதலியவற்றையும் மேற்கொள்வது 'டிரிப்யூட் பாண்டு'. இதனை நாம் அஞ்சலிக் குழு என்று சொல்லலாம். போலி, நகல், எச்சில் என்றெல்லாம் இவர்களை இகழ்ந்து பேசுவோர் உண்டு. அந்த இகழ்ச்சி எங்கிருந்து பிறந்தது, அது எவ்வளவு தூரம் நியாயமானது என்பதைச் சற்றே ஆராய்ந்து பார்ப்போம்.

முதலில் ஓர் உண்மையை நினைவிற் கொள்ள வேண்டும். ராக் இசை பிறந்ததே பிறர் பாட்டைப் பாடித்தான். பீட்டில்ஸ் குழுவினர் புகழ் பெறுவதற்கு முன்னர், ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரத்து இரவு விடுதிகளில் மணிக்கணக்காகப் பாடிய பாடல்களிற் பெரும்பாலானவை அமெரிக்கர் பாடியவை. 1963இல் வெளிவந்த அவர்களுடைய முதல் தொகுப்பில் 14 பாடல்கள். அவற்றுள் 6 பிறருடையவை. அந்தத் தொகுப்பின் கடைசிப் பாட்டை டாப் நோட்ஸ் என்ற குழு 1961இல் பதிவு செய்தது. 1962இல் ஐஸ்லி சகோதரர்கள் அதற்குப் புதிய வேகம் கொடுத்தார்கள். அவர்களுக்குப் பின்னரே லென்னனுடைய தொண்டையில் அது உலகப் புகழ் பெற்றது. ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் முதல் இசைத்தட்டு சக் பெரியின் பாட்டு. 1962இல் வெளிவந்த பாப் டிலனின் முதல் தொகுப்பிலே உள்ள 13 பாடல்களுள் அவரே இயற்றியவை இரண்டுதான். 2016இல் இலக்கியத்துக்கான நோபெல் பரிசு பெற்றவரும் பிறர் பாட்டைப் பாடியே தம் குரலைக் கண்டுபிடித்தார் என்பது சிந்திக்கத் தக்கது.

பின்னர் நிலைமை மாறியது. தம் பாட்டைத் தாமே இயற்றிப் பாடுகிறவரே கலைஞர் என்ற எண்ணம் 1960களின் நடுப்பகுதியில் வேரூன்றியது. அத்துடன் மற்றொரு மாறுதலும் நேர்ந்தது. ஒலிப்பதிவுக் கூடத்தில் மாதக்கணக்காக உழைத்து உருவாக்கிய இசைத்தட்டே மூலம் ஆகிவிட்டது. இந்த இடத்தில்தான் நம் சங்கீத மரபுக்கும் ராக் மரபுக்கும் உள்ள வேறுபாடு தெளிவாகத் தெரிகிறது. தியாகராஜ சுவாமிகளின் கீர்த்தனையை அரியக்குடி பாடினால் அதனை நகல் என்று எவரும் சொல்வதில்லை. கீர்த்தனை பாடப்படுவதற்கென்றே இருக்கிறது. பாடுகிறவர்தோறும் அது மறுபிறவி எடுக்கிறது. ஒருவர் தம் குருவின் பாணியை அப்படியே காட்டினாலும் அதைப் பாடாந்தரச் சுத்தம் என்று போற்றுகிறோம். ராக் இசையிலோ ஒரு குறிப்பிட்ட ஆண்டில், ஒரு குறிப்பிட்ட குரலில், ஒரு குறிப்பிட்ட கருவியில் பதிவான ஓசையே பாட்டு. ஆகவே வேறொருவர் அதைப் பாடினால் மூலத்துக்கும் நகலுக்கும் உள்ள தூரத்தை அளக்கத் தொடங்கிவிடுகிறார்கள். இகழ்ச்சியின் வேர் இதுவே.

ஆயினும் அரங்குகள் நிறைகின்றனவே, அது ஏன்? காரணங்கள் பல. அவற்றுள் முதன்மையானது மூலம் கிடைக்காமை.

பீட்டில்ஸ் குழுவினர் 1966 ஆகஸ்டு 29ஆம் நாள் சான்பிரான்சிஸ்கோ நகரில் கச்சேரி செய்தார்கள். சீட்டு வாங்கி வந்த கூட்டத்தின் முன் அவர்கள் பாடியது அதுவே கடைசி முறை. அதற்குப் பிறகு ஒலிப்பதிவுக் கூடமே அவர்களுடைய மேடை ஆயிற்று. 1967இல் வெளிவந்த சார்ஜண்ட் பெப்பர் தொகுப்பின் கடைசிப் பாட்டுக்கு 40 வாத்தியக்காரர்களை அழைத்துப் பதிவு செய்தார்கள். அந்தத் தொகுப்பை அவர்கள் ஒருநாளும் மேடையில் வாசித்ததில்லை. லண்டன் இசை நாடகமொன்றில் நடித்தவர்கள் 1980இல் பூட்லெக் பீட்டில்ஸ் என்ற குழுவை அமைத்தார்கள். வேடம் புனைந்து பாடுவது அவர்கள் வழி. நெதர்லாந்தில் 2014இல் தோன்றிய அனலாக்ஸ் என்ற குழு வேடத்தை அறவே விட்டுவிட்டது. பதிவில் ஒலித்த அதே காலத்துக் கருவிகளைத் தேடிச் சேர்த்து, பிற்காலத் தொகுப்புகளை ஓசை பிசகாமல் மேடையில் வாசித்துக் காட்டியது. மூலவர்களே மேடையேற்றாத இசையை இவர்கள் மேடையேற்றும்போது, அதை நகல் என்று மட்டும் சொல்லி முடித்துவிட முடியுமா?

இரண்டாவது காரணம் தூரம். இத்தகைய குழுக்களில் புகழ் வாய்ந்தவை சில ஆஸ்திரேலியாவிற் பிறந்தது தற்செயல் அன்று. பெரிய குழுக்கள் என்றோ ஒரு நாள் எட்டிப் பார்த்துச் செல்லும் தொலைவான நாடு அது. 1988இல் அடிலெய்டு நகரில் பிங்க் ஃபிளாய்ட் இசைக்கென ஒரு குழுவும், மெல்போர்ன் நகரில் ஸ்வீடன் நாட்டு ஆபா இசைக்கென பியோர்ன் அகெய்ன் என்ற குழுவும் தோன்றின. வராத விருந்தாளிக்காகக் காத்திராமல் வீட்டிலேயே சமைத்துக்கொண்டார்கள் எனலாம். அடிலெய்டுக் குழுவின் சமையல் எவ்வளவு பக்குவமாக இருந்தது என்பதற்கு ஒரு சான்று உண்டு. பிங்க் ஃபிளாய்டின் டேவிட் கில்மர் 1996இல் தம் ஐம்பதாவது பிறந்தநாள் விழாவுக்கு அவர்களையே அழைத்து வாசிக்கச் செய்தார்.

மூன்றாவது காரணம் கூடிப் பாடுவதில் உள்ள இன்பம். இசைத்தட்டை அறையில் தனியாகக் கேட்கலாம். ஆனால் நூறு பேர் சேர்ந்து ஒரு பல்லவியைப் பாடுவதற்கு மேடையில் எவராவது நிற்க வேண்டும். அஞ்சலிக் குழுவின் முன்னால் ரசிகர் வாய்மூடிக் கேட்பவராக இருப்பதில்லை. அவருக்கு ஒவ்வொரு அடியும் மனப்பாடம். அடுத்து வரப்போவது அவருக்குத் தெரியும். புதுமை தரும் கிளர்ச்சியைத் தேடி அவர் வரவில்லை. தெரிந்தது தெரிந்தபடியே வந்து சேரும்போது உண்டாகும் நிறைவைத் தேடி வருகிறார். முடிவு தெரிந்த கதையைக் கேட்க இரவெல்லாம் தெருக்கூத்தின் முன் அமர்ந்திருந்த நம் முன்னோர்க்கு இந்தச் சுவை புதிதன்று.

நகலுக்குள்ளும் படைப்புக்கு இடம் உண்டு என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். அமெரிக்காவில் கிரேட்புல் டெட் என்ற குழு இருந்தது. ஒரு கச்சேரி போல் மறு கச்சேரி இராது என்பது அதன் சிறப்பு. தங்கள் கச்சேரிகளை ரசிகர்கள் ஒலிநாடாவிற் பதிவு செய்துகொள்ளவும் அக்குழுவினர் அனுமதித்தார்கள். அதன் தலைமைக் கலைஞர் ஜெரி கார்சியா 1995இல் மறைந்தார். இரண்டு ஆண்டுகள் கழித்துச் சிகாகோவில் டார்க் ஸ்டார் ஆர்க்கெஸ்ட்ரா என்ற குழு தோன்றியது. அது பழைய கச்சேரி ஒன்றைத் தேர்ந்து, அன்று பாடிய பாடல்களை அதே வரிசையிற் பாடும். ஆனால் ஸ்வரத்துக்கு ஸ்வரம் பார்த்து எழுதிக்கொண்டு வாசிப்பதில்லை. அந்தந்தக் காலத்துப் பாணிக்குள் நின்று தம் கற்பனையால் விரித்து வாசிக்கும். அது எந்த ஊரில், எந்த நாளில் நடந்த கச்சேரி என்பதைக் கடைசியில்தான் அறிவிக்கும். ரசிகர்கள் அதுவரை ஊகித்துக்கொண்டே இருப்பார்கள். இங்கே விசுவாசம் ஓசைக்கு அன்று, பாணிக்கே. பாடாந்தரம் என்று நாம் சொல்வதற்கு இது மிக அருகில் வந்துவிடுகிறது.

மறுபக்கத்தையும் சொல்லாமல் விடலாகாது. சொந்தப் பாட்டுடன் வரும் இளைஞர்களுக்குக் கிடைக்க வேண்டிய மேடையை இவர்கள் அடைத்துக்கொள்கிறார்கள் என்ற குறை உண்டு. அரங்கின் உரிமையாளருக்கு, தெரிந்த பாட்டே நட்டமில்லாத வியாபாரம் அல்லவா? பாடுகிறவருக்கும் ஒரு நட்டம் உண்டு. பிலிப்பைன்ஸ் நாட்டில் பிறர் பாட்டைப் பாடிப் பிழைத்துவந்த ஆர்னெல் பினெடா என்பவரின் குரலை 2007இல் இணையத்திற் கேட்டு, அமெரிக்காவின் ஜர்னி குழுவினர் அவரைத் தங்கள் பாடகராகவே அமர்த்திக்கொண்டார்கள். ஜூடாஸ் பிரீஸ்ட் குழுவின் பாடல்களைப் பாடிவந்த டிம் ஓவன்ஸ் 1996இல் அதே குழுவின் பாடகரானார். முன்னைப் பாடகர் 2003இல் திரும்பியதும் இடத்தைக் காலி செய்தார். நகல் அசலான இக்கதைகள் கேட்க இனியவை. ஆனாலும் இருவரிடமும் ரசிகர்கள் முதலில் கேட்டது முன்னவருடைய குரலைத்தான்.

நம் நாட்டிலும் ஓர் அழகிய சான்று உண்டு. ஷில்லாங் நகரில் லூ மஜாவ் என்ற பாடகர் 1972 முதல் ஆண்டுதோறும் மே 24ஆம் நாளன்று பாப் டிலனின் பிறந்தநாளைப் பாட்டால் கொண்டாடி வந்திருக்கிறார். டிலனைப்போல் வேடமிடுவதில்லை, டிலனின் குரலை வருவித்துக்கொள்வதும் இல்லை. காசி மலைக்காரராகவே நின்று, தம் குரலிலேயே பாடுகிறார். டிலனும் தம் பழைய பாட்டை மேடைதோறும் மாற்றி மாற்றிப் பாடுகிறவர் ஆகையால், இதைவிடப் பொருத்தமான அஞ்சலி இல்லை.

மொழிபெயர்ப்பே என் தொழில். மத்திய அரசு அலுவலகமொன்றில் நாள்தோறும் பிறர் எழுதியதைத் தமிழாக்குகிறேன். தாளின் அடியில் மொழிபெயர்த்தவர் பெயர் இராது. இருக்க வேண்டியதும் இல்லை. ஆகவே இந்த நகல் பாடகர்களிடம் எனக்கு ஒரு தனிப் பரிவு உண்டு. அவர்களைக் கேட்கும்போது நான் பார்ப்பது மூன்றே செய்திகள். முதலாவது, மூலவர் பெயரை மறைக்காமற் சொல்கிறார்களா? இரண்டாவது, பாட்டை இயற்றியவருக்கு உரிய பங்கு போய்ச் சேர்கிறதா? மூன்றாவது, இவர்கள் இல்லாவிட்டால் கேட்பவருக்குக் கிடைத்திராத ஏதேனும் ஒன்றை இவர்கள் கொண்டுவந்து தருகிறார்களா? இம்மூன்றும் இருந்தால் அதைப் போலி என்று சொல்ல என் நா எழுவதில்லை. சொல்லுக்குச் சொல் பெயர்ப்பது ஒரு வகை உண்மை. மூலத்தின் உயிரைப் பெயர்ப்பது மற்றொரு வகை உண்மை. அனலாக்ஸ் குழுவினர் முதல் வழியில் நின்றார்கள். லூ மஜாவ் இரண்டாம் வழியில் நிற்கிறார். இரண்டுக்கும் உழைப்பு வேண்டும், பணிவும் வேண்டும்.

தமிழ்நாட்டுக்கு வெளியே வாழும் நமக்கு இது வெறும் மேனாட்டுச் செய்தி அன்று. டில்லியிலும் மும்பையிலும் கல்கத்தாவிலும் தமிழ்ச் சங்க விழாக்களில் மெல்லிசைக் குழுவினர் பழைய திரைப்பாடல்களைப் பாடக் கேட்டிருப்பீர்கள். பகலெல்லாம் அலுவலகத்தில் கணக்கெழுதிய ஒருவர் மாலையில் டி. எம். சௌந்தரராஜனின் குரலை வருவித்துக்கொண்டு மேடையில் நிற்பார். அந்த சௌந்தரராஜனும் தொடக்கத்தில் தியாகராஜ பாகவதரின் பாணியைப் பின்பற்றிப் பாடியவரே என்பது பலருக்கு நினைவிருக்கும். நம் பிள்ளைகள் பலருக்கு ஒரு தமிழ்ப் பாட்டை மனிதர் வாயால் நேருக்கு நேர் கேட்கும் வாய்ப்பு அந்த மேடையில்தான் முதன்முதலில் கிடைக்கிறது. மூலப்பாடகர் அந்த ஊருக்கு வரப்போவதில்லை; வந்தவர் இவர்தாம்.

ஆகையால் அடுத்த விழாவில் அப்படி ஒருவர் பாடும்போது, அசல்போல் இருக்கிறதா என்று மட்டும் அளந்து பார்க்காதீர்கள். பாட்டை இயற்றியவர் பெயரைச் சொல்லச் சொல்லுங்கள். அவருக்கே சொந்தமான பாட்டு ஏதேனும் இருந்தால், கடைசியாக அதையும் ஒரு முறை பாடச் சொல்லிக் கேளுங்கள். பிறர் பாட்டை ஒழுங்காகப் பாடத் தெரிந்தவருக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை அது.