சாரல் வாடகையும் ஓய்வுப் பணமும்



தென்மேற்குப் பருவக்காற்று ஆரியங்காவுக் கணவாய் வழியே வந்து சாரல் தூவும் நாள்களில், குற்றாலத்தில் தங்குவதற்கு ஓர் அறை கிடைப்பதும் அரிது. ‘இங்கே ஒரு வீடு இருந்தால் வாடகையிலேயே வாழ்ந்துவிடலாமே’ என்று பணி நிறைவு பெற்ற பலர் எண்ணுவதுண்டு. 2023-இல் நானும் எண்ணினேன்.

ஐந்தருவிக்குச் செல்லும் சாலையில் தரகர் ஒருவர் வீடொன்றைக் காட்டினார். விலை 30 இலட்சம் ரூபாய். என் ஆயுட்காலச் சேமிப்பு முழுவதும் அதுவே. “சாரல் காலத்தில் மாதம் 30,000 ரூபாய் வாடகை வரும்” என்றார். என் மனம் அதனை உடனே பன்னிரண்டால் பெருக்கியது. ஆண்டுக்கு 3,60,000, நூற்றுக்குப் பன்னிரண்டு!

பல்லாண்டு கணக்குப் பாடம் நடத்திய எனக்கு அன்றிரவுதான் பிழை புலப்பட்டது. சாரல் மூன்று மாதமே. அதற்கு 90,000, எஞ்சிய ஒன்பது மாதங்களுக்கு மாதம் 5,000 வீதம் 45,000, ஆக 1,35,000. சொத்துவரி, வெள்ளையடிப்பு, பழுதுபார்ப்பு, காவலாள் சம்பளம் ஆகியவற்றுக்கு 45,000 கழித்தால் மிஞ்சுவது 90,000, நூற்றுக்கு மூன்றே. சாரல் பொய்த்தால் அதுவும் குறையும். 2020-இல் கொள்ளைநோய் காரணமாக அருவிகளில் நீராடத் தடை விதிக்கப்பட்டதை நாம் கண்டோமல்லவா?

அதே 2023 ஏப்ரலில், மத்திய அரசின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தின் உச்சவரம்பு 30 இலட்சமாக உயர்ந்தது, வட்டி 8.2 சதவீதம். ஆண்டுக்கு 2,46,000 ரூபாய். மூன்று மாதத்திற்கு ஒருமுறை 61,500 கைக்கு வரும்.

அங்ஙனமாயின் வீடு வாங்குவது தவறா? அன்று. விலைவாசி ஏறினாலும் ஐந்தாண்டு வைப்பின் வட்டி ஏறாது. வீட்டின் மதிப்பும் வாடகையும் ஏறக்கூடும். 2019-இல் மாவட்டத் தலைநகரான தென்காசியில், ஆண்டு முழுவதும் குடியிருக்கும் அலுவலருக்கு எழுத்து ஒப்பந்தத்துடன் விடும் சிறு வீடு, சாரலை நம்பிய பெரிய வீட்டினும் மேலானது. ஆனால், செங்கல்லாக மாறிய பணம் அவசரத்துக்கு உதவாது. மருத்துவச் செலவு வந்தால் வீட்டின் ஓர் அறையை மட்டும் விற்க இயலுமா?

நான் அவ்வீட்டை வாங்கவில்லை. அடுத்த ஆண்டே என் மனைவிக்கு அறுவை சிகிச்சை நேர்ந்தது. பணம் கையில் இருந்தது. கடன் கேட்டு எவர் வாசலிலும் நிற்கவில்லை.

நாளை உங்கள் தந்தையோ தாயோ ஓய்வுப் பணத்துடன் வீடு பார்க்கச் செல்லும்போது உடன் செல்லுங்கள். பன்னிரண்டு மாத வரவையும் செலவையும் காகிதத்தில் எழுதிக் காட்டுங்கள். நீங்கள் கற்ற கணக்கு அன்று அவர்களைக் காக்கும்.