நீதிமன்றத்தின் உச்சியில் ஒரு விளக்கு

நம் கோலார் தங்கவயலுக்குக் கடல் வெகுதூரம். ஆனாலும் இன்று ஒரு கலங்கரை விளக்கத்தைப் பற்றிப் பேசுகிறேன்.

சென்னை உயர் நீதிமன்றத்தைப் பார்த்திருப்பீர்கள். அதன் மிக உயரமான கோபுரம் ஒரு கலங்கரை விளக்கமாக இருந்தது! ஆமாம், கீழே வழக்கு நடக்கும், மேலே கப்பலுக்கு விளக்கு எரியும். 1894 முதல் 1977 வரை அப்படித்தான்.

சென்னையின் முதல் விளக்கு 1796-ல் புனித ஜார்ஜ் கோட்டைக்குள் ஒரு கட்டடத்தின் மேல் எரிந்தது. தேங்காய் எண்ணெய் விளக்குகள்தான்! அந்தக் கட்டடம் இப்போது கோட்டை அருங்காட்சியகம். அடுத்தது 1844-ல் வந்த கருங்கல் தூண். அதன் பிறகுதான் நீதிமன்றக் கோபுரம்.

ஏன் ஒவ்வொரு முறையும் உயரத்தைத் தேடினார்கள்? பூமி உருண்டை. தாழ்வான விளக்கைக் கடலின் வளைவு மறைத்துவிடும். உயர வைத்தால் தொலைவிலிருந்தே தெரியும்.

உயரம் மட்டும் போதாது, ஒளி சிதறவும் கூடாது. சுரங்கத்தில் இறங்கியவர்கள் தலையில் மாட்டிய விளக்கை நினைத்துப் பாருங்கள். சின்ன பல்புதான். பின்னால் இருக்கும் கிண்ணம் ஒளியைத் திரட்டி முன்னே தள்ளும். கலங்கரை விளக்கத்தில் அந்த வேலையைக் கண்ணாடியும் லென்சும் செய்கின்றன.

இப்போது விளக்கு எரிவது மெரினாவில். பழைய கருங்கல் தூண் இன்னும் நீதிமன்ற வளாகத்திலேயே நிற்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது அந்தத் தூண்தான். சென்னை போனால் அதையும் ஒருமுறை பாருங்கள்.