பீரோவில் கிடந்த பதிவேடு
(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'இடைநின்ற மாணவர்களை மீட்டெடுத்தல்' என்ற தலைப்பில் பத்து நிமிடம் பேசச் சொன்னார்கள். நான் சமூக அறிவியல் ஆசிரியை. ஆனால் இன்று காப்பீடு பற்றித்தான் பேசப்போகிறேன். இடைநிற்றலுக்கும் காப்பீட்டுக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் நினைக்கலாம். மூன்று ஆண்டுகளுக்கு முன்பு கேட்டிருந்தால் நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

2021 செப்டம்பர் முதல் தேதி 9 முதல் 12 வரையிலான வகுப்புகளுக்குப் பள்ளி திறந்தது உங்களுக்கு நினைவிருக்கும். என்னுடைய பத்தாம் வகுப்பில் ஒரு மாணவி வரவில்லை. ஒரு வாரம் பார்த்தேன். தொலைபேசியில் அழைத்தால் எண் உபயோகத்தில் இல்லை. மூன்றாவது வாரத்தில் அவள் பெயரை எமிஸ் பொதுத் தொகுப்புக்கு மாற்றிவிடலாமா என்று யோசித்தேன். ஒரு பொத்தானை அழுத்தினால் நம் வருகைப் பட்டியல் சுத்தமாகிவிடும். அன்று மாலை ஏதோ மனம் கேட்காமல் அவள் வீட்டைத் தேடிப் போனேன்.

வீட்டுத் திண்ணையில் பனியன் துணி மலைபோலக் குவிந்திருந்தது. அவளும் அவள் அம்மாவும் உட்கார்ந்து பிசிறு வெட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு உருப்படிக்கு இத்தனை பைசா என்று கணக்கு. என்னைக் கண்டதும் அந்தப் பெண் கத்தரியைப் பின்னால் மறைத்தாள். அதைவிட எனக்கு அதிர்ச்சி, உள்ளே இருந்து வந்த அவள் அப்பாவைப் பார்த்ததுதான். அந்த முகம் எனக்குத் தெரியும்.

ஜூலை மாதம், சேர்க்கை நடந்துகொண்டிருந்த நேரத்தில், அவர் நம் பள்ளிக்கு வந்திருந்தார். நம் பள்ளி நடுநிலைப் பள்ளியாக இருந்தபோது இங்கேதான் ஏழாம் வகுப்பு வரை படித்தவர். காவலாளி வேலைக்கு வயதுச் சான்று கேட்கிறார்கள், பழைய ரெக்கார்டு ஷீட்டுக்கு ஒரு நகல் வேண்டும் என்று கேட்டார். அன்று அலுவலகத்தில் இருந்தது நான். "பழைய பதிவேடெல்லாம் பீரோவுல அடியில கெடக்குதுங்க. பள்ளிக்கூடம் தொறக்கட்டும், அப்புறம் வாங்க" என்று அனுப்பிவிட்டேன். பத்து நிமிட வேலை. எனக்கு அன்று வேறு வேலை இருந்தது, அவ்வளவுதான். அந்தக் காவலாளி வேலை வேறொருவருக்குப் போய்விட்டது. அவர் அதை ஒரு குறையாகக்கூடச் சொல்லவில்லை. "நீங்க என்ன பண்ணுவீங்க டீச்சர்" என்றார்.

அவரை முருகேசன் என்று வைத்துக்கொள்வோம். உண்மைப் பெயர் வேண்டாம். ஒரு பின்னலாடை நிறுவனத்தில் எட்டு ஆண்டுகள் வேலை செய்தவர். மாதம் 12,000 ரூபாய் ஊதியம். 2021 மே 10-ஆம் தேதி முழு ஊரடங்கு வந்தபோது நிறுத்தப்பட்டார். மீண்டும் திறந்தபோது பாதி ஆட்களைத்தான் கூப்பிட்டார்கள். அதில் இவர் இல்லை.

பேச்சுவாக்கில், "சம்பளத்தில் ஈ.எஸ்.ஐ. பிடித்தார்களா?" என்று கேட்டேன்.

"புடிச்சாங்க டீச்சர். மாசம் தொண்ணூறு ரூவா. ஆனா ஈ.எஸ்.ஐ.ன்னா மாத்திர வாங்கறதுக்குத்தானுங்களே? வேலயே இல்லைன்னு ஆனதுக்கப்புறம் அது எதுக்கு ஆகுமுங்க?"

அவர் மட்டுமல்ல, நம்மில் பலரும் அப்படித்தான் நினைக்கிறோம். ஈ.எஸ்.ஐ. திட்டம் 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக வந்தது. மருத்துவம் அதில் ஒரு பகுதி மட்டுமே. நோயில் விடுப்பு எடுத்தால் ஊதியத்தில் ஒரு பங்கு, மகப்பேற்றுக்கு ஊதியம், வேலையில் காயம்பட்டால் உதவி, அதனால் உயிரிழந்தால் குடும்பத்துக்கு மாதத் தொகை என்று வருமானத்தைக் காக்கும் பகுதிகள் அதில் உண்டு. வேலையை இழந்தவருக்கு உதவித்தொகை தரும் திட்டம் 2018 ஜூலையில் வந்தது. அதன் பெயர் அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா. இந்தப் பெயரைப் படித்து, இது வேலை இழந்தவருக்கான பணம் என்று நம் ஊர்த் தொழிலாளி ஒருவர் புரிந்துகொள்ள முடியுமா? சிக்கல் பெயரிலேயே தொடங்கிவிடுகிறது.

திட்டத்தின்படி அதிகபட்சம் 90 நாட்களுக்கு, வாழ்நாளில் ஒருமுறை, சராசரி ஊதியத்தில் ஒரு பங்கு கிடைக்கும். முதலில் அது 25 விழுக்காடு. கொரோனா காலத்தில், 2020 மார்ச் 24-லிருந்து வேலை இழந்தவர்களுக்கு 50 விழுக்காடாக உயர்த்தினார்கள். நிறுவனம் வழியாகப் போக வேண்டாம், தொழிலாளியே நேராகக் கேட்கலாம் என்றும் தளர்த்தினார்கள். குறைந்தது இரண்டு ஆண்டுகள் காப்பீட்டில் இருந்திருக்க வேண்டும். வேலை போவதற்கு முந்தைய ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் குறைந்தது 78 நாட்களுக்கும், அதற்கு முன் இருந்த மூன்று காலங்களில் ஏதாவது ஒன்றில் 78 நாட்களுக்கும் பங்களிப்பு செலுத்தப்பட்டிருக்க வேண்டும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு காலம், அக்டோபர் முதல் மார்ச் வரை ஒரு காலம். தவறான நடத்தைக்காக நீக்கப்பட்டவரும், வயது முதிர்ந்தோ விருப்பத்திலோ ஓய்வு பெற்றவரும் கேட்க முடியாது.

இதையெல்லாம் நான் ஒரே நாளில் தெரிந்துகொள்ளவில்லை. எங்கள் கணித ஆசிரியரின் தம்பி ஒரு நிறுவனத்தில் கணக்காளர். அவரிடம் கேட்டு, விதிகளைப் படித்து, முருகேசனின் பத்து இலக்கக் காப்பீட்டு எண்ணை வைத்து விண்ணப்பித்தோம். எல்லாத் தகுதியும் அவருக்கு இருந்தது. நான் வெற்றிக் களிப்பில் இருந்தேன்.

விண்ணப்பம் திரும்பி வந்தது.

காரணம், பெயரும் பிறந்த தேதியும் பொருந்தவில்லை. ஆதாரில் முருகேசன். ஈ.எஸ்.ஐ. பதிவில் முருகேஷ். ஆதாரில் பிறந்த தேதி 1.1.1980. ஈ.எஸ்.ஐ.யில் 1.6.1980. எது சரி என்று அவருடைய அம்மாவைக் கேட்டேன். "ஆடிப் பதினெட்டு கழிஞ்சு நாலா நாள் பொறந்தானுங்க" என்றார். இரண்டுமே சரியில்லை!

நாம் இதைக் கேட்டுச் சிரிக்கலாம். ஆனால் அந்த ஜூன் முதல் தேதியை எழுதியது யார்? நம்மைப் போன்ற ஓர் ஆசிரியர். பள்ளியில் சேர்க்க ஐந்து வயது முடிந்திருக்க வேண்டும் என்பதற்காகத் தோராயமாக ஒரு தேதியைப் போட்டுச் சேர்த்துக்கொண்டார். நல்ல எண்ணத்தில் செய்ததுதான். நம் ஊர்ப் பெரியவர்களில் பாதிப் பேர் மே மாதத்திலும் ஜூன் மாதத்திலும் 'பிறந்திருப்பது' இதனால்தான். ஆதார் எடுத்தபோது கையில் சான்று இல்லாததால் ஜனவரி முதல் தேதி விழுந்துவிட்டது. வேலைக்குச் சேர்ந்தபோது யாரோ ஒருவர் காதில் விழுந்தபடி முருகேஷ் என்று தட்டச்சு செய்துவிட்டார். இப்படி ஒரே மனிதர் காகிதத்தில் இரண்டு பேராகிவிட்டார். எட்டு ஆண்டுகள் பணம் பிடிக்கும்போது இது யாருக்கும் தடையாக இல்லை. பணம் கேட்கும்போதுதான் தடையானது.

கிளை அலுவலகத்துக்கு அவருடன் நானும் போனேன். அங்கிருந்தவர் பொறுமையாகவே பேசினார். "இவர்தான் அவர் என்று காட்ட ஏதாவது ஒரு பழைய ஆவணம் கொண்டு வாருங்கள். நிறுவனத்திடமிருந்து ஒரு திருத்தக் கடிதமும் வேண்டும்" என்றார்.

மறுநாள் நான் பீரோவைத் திறந்தேன். ஜூலையில் நான் திறக்க மறுத்த அதே பீரோ. அடித்தட்டில், கரையான் ஓரம் அரித்த சேர்க்கைப் பதிவேட்டில் அந்தப் பதிவு இருந்தது. பெயர் முருகேசன், அது ஆதாரில் உள்ள பெயர். பிறந்த தேதி 1.6.1980, அது ஈ.எஸ்.ஐ.யில் உள்ள தேதி. தந்தையின் பெயரும் இரண்டிலும் உள்ளதுதான். ஒரே வரியில் இரண்டு காகிதங்களையும் அந்தப் பதிவேடு சேர்த்துவைத்தது. தலைமையாசிரியர் கையொப்பமிட்டுச் சான்று கொடுத்தார்.

நிறுவனத்துக் கடிதத்துக்கு நான்கு முறை நடந்தார். "நின்னு போன ஆளுக்கு எதுக்குக் கடிதம்?" என்று முதலில் திருப்பி அனுப்பினார்கள். நான்காவது முறை அங்கிருந்த வயதான கணக்காளர் சான்றை வாங்கிப் பார்த்துவிட்டு, தானே தட்டச்சு செய்து கொடுத்திருக்கிறார்.

பணம் ஜனவரியில் வங்கிக் கணக்குக்கு வந்தது. சுமார் 15,500 ரூபாய். முருகேசனுக்குச் சிறிய ஏமாற்றம். "பாதிச் சம்பளம்னா மாசம் ஆறாயிரம், மூணு மாசத்துக்குப் பதினெட்டாயிரம் வரோணுமில்லீங்க டீச்சர்?" என்றார். அந்தக் கணக்கை அவர் மகளைக் கொண்டே போடவைத்தோம். முந்தைய நான்கு பங்களிப்புக் காலங்களில், அதாவது இரண்டு ஆண்டுகளில் வாங்கிய மொத்த ஊதியத்தை 730-ஆல் வகுத்துத்தான் ஒரு நாள் சராசரி எடுக்கிறார்கள். 2020 ஊரடங்கில் மூன்று மாதம் அவருக்கு ஊதியமே இல்லை. ஆக 21 மாத ஊதியம், 2,52,000 ரூபாய். வகுத்தால் நாளொன்றுக்கு 345 ரூபாய். அதில் பாதி, 90 நாட்களுக்கு. விடை சரியாக வந்தது. எங்கள் கணித ஆசிரியர் அந்த ஆண்டு சராசரிக்கும் விழுக்காட்டுக்கும் இந்தக் கணக்கையே வகுப்பில் எடுத்துக்காட்டாகக் கொடுத்தார்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று சொல்ல மாட்டேன். அவருடன் வேலை இழந்த இன்னொருவரும் இதைக் கேள்விப்பட்டு வந்தார். அவருக்கும் பெண் குழந்தைதான், ஏழாம் வகுப்பு. தான் அந்த ஆறு மாதத்தில் 140 நாட்களுக்குக் குறையாமல் வேலை செய்ததாகச் சொன்னார். பதிவில் 61 நாட்கள்தான் இருந்தன. 78 இல்லை. ஊதியச் சீட்டு எதையும் அவர் வைத்திருக்கவில்லை. பணம் பிடித்ததற்கு ஒரு துண்டுக் காகிதம்கூடக் கையில் இல்லை. மனு எழுதிக் கொடுத்தோம். எனக்குத் தெரிந்தவரை அவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டு அந்தக் குடும்பம் ஊரைவிட்டே போய்விட்டது. அந்தக் குழந்தை இப்போது எந்தப் பள்ளியில் படிக்கிறாள், படிக்கிறாளா என்பது எனக்குத் தெரியாது. மாதாமாதம் தன் பதிவில் எத்தனை நாள் ஏறியிருக்கிறது என்று பார்க்கலாம் என அவருக்கு யாராவது முன்பே சொல்லியிருந்தால், அங்கேயே கேட்டிருப்பார்.

நண்பர்களே, நாம் காப்பீட்டு முகவர்கள் அல்ல. நமக்கு ஏற்கெனவே வேலை அதிகம். அதனால் நான் கேட்பது நம் வேலைக்குள் அடங்கியவற்றை மட்டும்தான்.

ஒரு குழந்தை தொடர்ந்து வராவிட்டால், "ஏன் வரவில்லை?" என்பதோடு, "வீட்டில் யாருக்காவது வேலை போய்விட்டதா? ஈ.எஸ்.ஐ. பிடித்தார்களா?" என்றும் கேளுங்கள். மாத ஊதியம் 21,000 ரூபாய் வரை உள்ள ஆலைத் தொழிலாளர் பலரும் அந்த வரம்புக்குள் வருகிறவர்கள். தொகையும் நிபந்தனையும் அவ்வப்போது மாறுகின்றன; கிளை அலுவலகத்தில் விசாரித்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஊதியச் சீட்டைத் தூக்கிப் போடாமல் வைத்திருக்கச் சொல்லுங்கள். வேலையிலிருந்து நிறுத்தும்போது எந்தத் தாளிலும் படிக்காமல் கையெழுத்திட வேண்டாம் என்று சொல்லுங்கள். வாசிக்கத் தெரியாத பெற்றோருக்கு நம் மாணவர்கள் வாசித்துக் காட்டட்டும், படிப்பு அதற்குத்தானே?

வருவாய் ஈட்டும் தாயோ தந்தையோ விபத்தில் இறந்தாலும், நிரந்தரமாக முடங்கினாலும், அந்த மாணவருக்கு நம் துறை வழியாகவே 75,000 ரூபாய் வைப்புநிதியாக வழங்கும் திட்டம் இருப்பது உங்களுக்குத் தெரியும். அந்த விண்ணப்பத்தை எழுதி அனுப்ப வேண்டியவர்கள் நாம்தான். குடும்பத்தார் வந்து கேட்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். துக்கத்தில் இருப்பவருக்குத் திட்டத்தின் பெயர் நினைவுக்கு வராது.

கடைசியாக, சேர்க்கைப் பதிவேடு. முதல் வகுப்பில் ஒரு குழந்தையின் பெயரை எழுதும்போது பிறப்புச் சான்றிதழைப் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாகப் பாருங்கள். தலைப்பெழுத்து முன்னால் வருகிறதா, பின்னால் வருகிறதா என்று பாருங்கள். அங்கே விழுகிற ஒரு பிழை நாற்பது ஆண்டுகள் கழித்து ஒரு குடும்பத்தின் மூன்று மாத வருமானத்தை நிறுத்திவைக்கும்.

அந்த மாணவி பணம் வரும்வரை காத்திருக்கவில்லை. விண்ணப்பம் கொடுத்த அக்டோபரிலேயே பள்ளிக்கு வந்துவிட்டாள். "பணம் வந்துருமுன்னு டீச்சர் சொல்றாங்க, நீ போ" என்று அவள் அம்மா அனுப்பிவைத்தாராம். விண்ணப்பம் திரும்பி வந்த அந்த வாரம் எனக்குத் தூக்கமில்லை. என் வாக்கை நம்பி அந்த அம்மா இரவில் தனியாகப் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தார். 2022 மே மாதம் அவள் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதினாள். இப்போது பன்னிரண்டும் முடித்துவிட்டாள்.

எங்கள் பள்ளியில் இப்போது அந்தப் பழைய பதிவேடுகளைத் தூசி தட்டி, ஆண்டுவாரியாக அடுக்கி, மேல்தட்டில் வைத்திருக்கிறோம். இரண்டு சனிக்கிழமை வேலை. உங்கள் பள்ளியிலும் அப்படி ஒரு பீரோ இருக்கும். முன்னாள் மாணவர் ஒருவர் வாசலில் வந்து நின்று நகல் கேட்டால், தயவுசெய்து அன்றைக்கே எடுத்துக் கொடுத்துவிடுங்கள்.