நிறுவனக் கொடியும் வரலாற்றுச் சான்றும்



கடல் வணிக வரலாற்றை எழுதுவோர் சரக்குப் பட்டியலுக்கும் பங்குதாரர் அறிக்கைக்கும் கொடுக்கும் இடத்தைக் கப்பல் நிறுவனங்களின் கொடிகளுக்குக் கொடுப்பதில்லை. அவற்றை விளம்பரத் துணி என்று ஒதுக்கிவிடுகிறார்கள். தேசியக் கொடியோடும் கப்பலின் பெயரோடும் சேர்த்துப் படித்தால் நிறுவனக் கொடி முதன்மையான ஆவணம் என்பதே நான் இங்கு முன்வைக்கும் கருத்து. சான்றுக்கு இரண்டு ஜெர்மானிய நிறுவனங்களை எடுத்துக்கொள்கிறேன். 1847இல் ஹாம்பர்க்கில் தோன்றிய ஹபாக்கின் கொடியில் நீலமும் வெள்ளையும் மூலைவிட்டமாகப் பிரிந்திருக்கும். நங்கூரத்தின் மீது மஞ்சள் கேடயம், அதில் நிறுவனப் பெயரின் எழுத்துகள். 1857இல் பிரேமனில் தோன்றிய வடஜெர்மானிய லாய்டின் கொடியில், வெண்துணி மீது நங்கூரமும் பிரேமன் நகரச் சின்னமான சாவியும் நீல நிறத்தில் குறுக்கிட்டுக் கிடக்கும்; நடுவே ஓக் இலை வளையம்.

இந்தக் கொடிகள் பாய்மர உச்சியில் பறந்த காலத்தில், கப்பலின் பின்புறமான அமரத்தில் எத்தனை கொடிகள் மாறின என்று பாருங்கள். முதலில் ஹாம்பர்க்கின் வெண்கோட்டை, பிரேமனின் சிவப்பு வெள்ளைப் பட்டைகள். வடஜெர்மானியக் கூட்டமைப்பு உருவான பின் கறுப்பு, வெள்ளை, சிவப்பு. 1919இல் ஜெர்மானியக் குடியரசு தன் தேசிய நிறங்களைக் கறுப்பு, சிவப்பு, பொன் என்று மாற்றியது. வணிகக் கப்பல்களுக்கு மட்டும் பழைய நிறங்களை விட்டுவைத்து, மூலையில் புதிய நிறங்களைச் சேர்த்தது. அந்த வணிகக் கொடியை வெளிநாட்டுத் தூதரகங்களிலும் ஏற்றலாம் என்ற ஆணையால்தான் 1926 மே மாதம் லூதர் அமைச்சரவை கவிழ்ந்தது. நாஜி ஆட்சியில், 1935 ஜூலையில் நியூயார்க் துறையில் லாய்டின் ‘பிரேமன்’ கப்பலில் ஏறிய எதிர்ப்பாளர்கள் ஸ்வஸ்திகக் கொடியைக் கிழித்தெடுத்து ஹட்சன் ஆற்றில் வீசினர். செப்டம்பரில் அதுவே ஒரே தேசியக் கொடியாகச் சட்டமானது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜெர்மானியக் கப்பல்களுக்குத் தேசியக் கொடியே இல்லை. சைகைக் கொடி ஒன்றின் முனையை வெட்டிப் பறக்கவிட்டார்கள். 1951இல்தான் அந்த நிலை தீர்ந்தது.

இப்படி அரசுகள் மாறியபோதும் நிறுவனம் மாறவில்லை என்று இதிலிருந்து முடிவு கட்டலாமா? இங்கேதான் வலுவான மறுப்பு எழுகிறது. ஹபாக்கை உலகின் மிகப் பெரிய கப்பல் நிறுவனமாக்கியவர் யூதரான ஆல்பர்ட் பாலின். அவர் பெயரில் 1923இல் ஒரு கப்பல் ஓடத் தொடங்கியது. 1935இல் அதன் பெயர் அழிக்கப்பட்டு ‘ஹன்சா’ ஆனது. கொடியை மட்டும் பார்த்தவருக்கு அந்த அநீதி தெரியவே தெரியாது. மேலும், முதல் உலகப் போருக்குப் பின் ஹபாக் தன் மஞ்சள் புகைபோக்கியின் உச்சியில் பழைய பேரரசின் கறுப்பு, வெள்ளை, சிவப்பு நிறங்களைப் பூசிக்கொண்டது. குடியரசின் நிறங்களை அங்கே காணவில்லை. ஆகவே மாறாத கொடியை நடுநிலை என்று படிக்கக் கூடாது. இந்த மறுப்பை நான் முழுமையாக ஏற்கிறேன். ஆனால் அது கொடியைத் தள்ளிவிடச் சொல்லவில்லை, தனியே படிக்காதே என்றுதான் சொல்கிறது. உரிமை யாருடையது என்பதற்குக் கொடியைப்போல் நேரடியான சான்று குறைவு. 1913இல் ஹபாக்குக்காக ஓடிய ‘இம்பராட்டர்’ போருக்குப் பின் பிரிட்டிஷ் நிறுவனமான குனார்டின் ‘பெரங்கேரியா’ ஆனது. எஃகு அதே எஃகு. மேலே ஏறியதோ குனார்டின் சிங்கக் கொடி. வெர்சாய் உடன்படிக்கை பிடுங்கிய சொத்தின் கதை அந்த ஒரு மாற்றத்தில் இருக்கிறது.

இன்னொரு ஐயம் நுட்பமானது. எனக்கு அதில் மிகுந்த மரியாதை உண்டு. நிறங்களை எப்படி நம்புவது? பழைய புகைப்படத் தகடுகள் நீலத்தை வெளிறவும் மஞ்சளையும் சிவப்பையும் கறுக்கவும் செய்தன. ஹபாக்கின் கொடி அவற்றில் ஏறக்குறைய வெண்துணியாகவும் அதன் கேடயம் கரும்புள்ளியாகவும் தெரியும். அச்சிட்ட கொடி அட்டவணைகளோ ஓவியர் எளிமைப்படுத்திய வரைவுகள். எனவே அட்டவணை, புகைப்படம், அருங்காட்சியகத்தில் எஞ்சிய துணி ஆகிய மூன்றையும் ஒன்றோடொன்று உரைத்துப் பார்க்காமல் ஆண்டு குறிக்கக் கூடாது.

இந்த அரங்கில் கட்டுரை படிப்போரிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. கொடியைக் காட்டும்போது அது எந்தக் கப்பலில், எந்த ஆண்டில் பறந்தது, அப்போது அமரத்தில் எது பறந்தது என்பதையும் உடன் சொல்லுங்கள். முதல் அமர்வைத் தொடங்கி வைக்கிறேன்.