வன்பொருட் பொறியாளர் ஊதியம்: ஊரும் அனுபவமும்

(நமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



தமிழ் நூல்களைப் பாடஞ் சொல்லிக் காலங்கழிக்கும் ஓர் உபாத்தியாயனுக்கு அமெரிக்க தேசத்துச் சம்பளக் கணக்கில் என்ன வேலை என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். நியாயமான கேள்வியே. என்னிடம் பயின்ற மாணாக்கர் சிலர் இன்று அத்தேசத்திற் கணினி வன்பொருட் பொறியாளராக உத்தியோகம் வகிக்கின்றனர். அவர்தம் பெற்றோரும் உறவினரும் என்னிடம் வந்து கேட்கும் கேள்விகளே என்னை இப்பொருளைக் கற்கச் செய்தன.

ஒரே கல்லூரியில் ஒரே பட்டம் பெற்ற இருவரை எடுத்துக்கொள்வோம். ஒருவன் கலிபோர்னியாவிலும் மற்றவன் டெக்ஸாஸிலும் வேலைக்கு அமர்கின்றனர். முன்னவனுடைய சம்பளத்தைக் கேட்ட மாத்திரத்தில் பின்னவனுடைய தந்தையார் தலை கவிழ்கிறார். பெண் கொடுக்க வருவோரும் அத்தொகை ஒன்றையே கேட்டுத் திரும்புகின்றனர். வீட்டை அடமானம் வைத்துப் பிள்ளையைக் கடல் கடந்து அனுப்புவோரும் அத்தொகையையே நம்பிக் கையெழுத்திடுகின்றனர். எந்த ஊர், எத்தனை ஆண்டு அனுபவம், விலகிச் செல்ல வேறு வாயில் உண்டா என்னும் மூன்றையும் வினவாமல் கேட்கப்படும் தொகை வெறும் எண்ணேயன்றிச் செய்தியன்று என்பதை எடுத்துரைக்கவே இன்று உங்கள் முன் நிற்கிறேன்.

வன்பொருட் பொறியாளர் என்போர் கணினிக்குள் இருக்கும் சில்லுகளையும், அவை பொருந்தும் பலகைகளையும், நினைவகம் முதலிய உறுப்புக்களையும் வகுத்துச் சோதிப்போர் ஆவர். அமெரிக்க தேசம் முழுவதிலும் இவர்கள் ஏறத்தாழ 80,000 பேரே; மென்பொருள் எழுதுவோரோ பதினாறு லட்சத்துக்கும் மேற்பட்டோர். அந்நாட்டுத் தொழிற் புள்ளிவிவர நிலையத்தின் கணக்குப்படி, இப்பொறியாளர் அனைவரையும் சம்பள வரிசையில் நிறுத்தினால் நட்ட நடுவே நிற்பவர் 2019 மே மாதத்தில் ஆண்டுக்கு 1,17,220 டாலர் பெற்றார். அந்நடுத்தொகை 2023 மே மாதத்தில் 1,38,080 ஆகவும், 2024 மே மாதத்தில் 1,55,020 ஆகவும் உயர்ந்தது. அதே 2024-இல் மென்பொருள் எழுதுவோரின் நடுத்தொகை 1,33,080 டாலர். கம்பெனிகள் சம்பளத்தோடு கொடுக்கும் பங்குகள் இக்கணக்கிற் சேரா. இத்தொகைகளை ரூபாயாற் பெருக்கிப் பார்த்து மலைக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. சம்பாதிப்பவன் அரிசி வாங்குவதும் வாடகை கொடுப்பதும் டாலரிலேதான் என்பதை அப்போது மறந்துவிடுகிறோம்.

இனி அனுபவத்தைப் பார்ப்போம். இத்தொழிலில் அனுபவம் பெருவிலை பெறுவதற்குக் காரணம் வேலையின் இயல்பிலேயே இருக்கிறது. மென்பொருளிற் பிழை நேர்ந்தால் மறுநாள் திருத்தி அனுப்பலாம். சில்லிலோ, வரைவு தொழிற்சாலைக்குச் சென்று வார்க்கப்பெற்ற பின்னர்ப் பிழையைத் திருத்துதல் எளிதன்று. 1994-ஆம் ஆண்டில் இன்டெல் கம்பெனியாரின் பென்டியம் சில்லு சில வகுத்தற் கணக்குகளைத் தவறாகச் செய்கிறதென்று தாமஸ் நைஸ்லி என்னும் கணிதப் பேராசிரியர் கண்டறிந்தார். உள்ளே பொறித்திருந்த ஓர் அட்டவணையில் ஒருசில இடங்கள் நிரப்பப்படாமல் விடுபட்டமையே காரணம். சில்லுகளை மாற்றிக் கொடுக்கும் பொருட்டு அக்கம்பெனி 47 கோடியே 50 லட்சம் டாலரை நஷ்டக் கணக்கில் எழுத நேர்ந்தது. ஆதலின், வரைவு வெளியேறுமுன் இன்ன இடத்திற் பிழை மறைந்திருக்கும் என்று மோப்பம் பிடிக்கவல்ல ஒருவருக்கு எவ்வளவு கொடுத்தாலும் கம்பெனிக்கு அது மலிவே. அவ்வாற்றல் கல்லூரியிற் கிடைப்பதன்று. சில சில்லுகளைத் தொடக்கமுதல் இறுதிவரை உடனிருந்து முடித்தவர்க்கே அது வாய்க்கும். ஒரு சில்லு முடிய இரண்டு மூன்று ஆண்டுகளும் ஆகலாம். எனவே புதியவன் முதல் ஐந்தாண்டிற் கண்டு முடிப்பது இரண்டொரு சில்லே. அவனுடைய முதற் சம்பளத்தை மூத்தவனுடைய சம்பளத்தோடு ஒப்பிடுவது நாற்றைக் கதிரோடு ஒப்பிடுவதாகும். ஆனால் ஆண்டுகளின் எண்ணிக்கை மட்டுமே அனுபவமன்று. பத்தாண்டும் ஒரே சிறு பகுதியை மீண்டும் மீண்டும் சோதித்தவர்க்கு, முழுச் சில்லையும் அறிந்தவர்க்குரிய விலை கிடைப்பதில்லை.

அடுத்தது ஊர். இதிற்றான் நான் சற்று விரிவாகப் பேச விரும்புகிறேன். இத்தொழிலாளர் மிகுதியாகக் கூடியிருப்பது கலிபோர்னியா மாகாணத்தில், சாண்டா கிளாரா ஜில்லாவைச் சூழ்ந்த பகுதியில். ஏன் அங்கே? டிரான்சிஸ்டர் கண்ட மூவருள் ஒருவரான வில்லியம் ஷாக்லி 1956-இல் மவுண்டன் வியூ என்ற ஊரிலே தம் ஆய்வுக்கூடத்தை நிறுவினார். அவர் அன்னையார் அருகே பாலோ ஆல்டோவில் வாழ்ந்தமையும் அவ்விடத்தைத் தேர்ந்ததற்கு ஒரு காரணம் என்பர். அவர் நடத்தை பிடிக்காத எண்மர் 1957-இல் ஒருங்கே விலகி, ஃபேர்சைல்டு என்ற பெயரிற் புதிய சில்லுக் கம்பெனி தொடங்கினர். அவ்வெண்மருள் நாய்ஸ், மூர் இருவரும் 1968-இல் அதினின்றும் விலகி இன்டெல்லைத் தொடங்கினர். மறுவருஷமே ஃபேர்சைல்டிலிருந்து வெளியேறிய வேறு சிலர் ஏ.எம்.டி. கம்பெனியை அமைத்தனர். இங்ஙனம் ஒரு மரத்தின் விதைகளே சுற்றிலும் தோப்பாயின.

பழைய முதலாளியை விட்டு அடுத்த தெருவிற் போட்டிக் கம்பெனி தொடங்குதல் எல்லா மாகாணங்களிலும் எளிதாயிருந்ததில்லை. "இங்கிருந்து விலகினால் இன்ன காலம்வரை போட்டியாளரிடம் வேலை பாரேன்" என்று எழுதி வாங்கும் ஒப்பந்தம் பல இடங்களிற் செல்லும். கலிபோர்னியாவிலோ அத்தகைய ஒப்பந்தம் செல்லாதென 1872-ஆம் ஆண்டிலேயே சட்டம் செய்துவிட்டனர். கணினி பிறக்குமுன் எழுதப்பட்ட அச்சட்டம் கணினித் தொழிலாளிக்குக் கைகொடுத்தது என்றால் வியப்பன்றோ? மாசசூசெட்ஸ் மாகாணத்திலும் டிஜிட்டல் எக்விப்மென்ட் போன்ற பெருங்கம்பெனிகள் செழித்திருந்தன. ஆயினும் அங்கே அவ்வொப்பந்தங்கள் நெடுங்காலம் செல்லுபடியாயின. 2018-இல்தான் அவற்றுக்கு ஒரு கட்டுப்பாடு விதித்தனர். இவ்விரு மாகாணங்களின் ஏற்றத்தாழ்வுக்கு இச்சட்ட வேறுபாடு ஒரு முக்கிய காரணம் என்று ரொனால்ட் கில்சன் என்னும் சட்டப் பேராசிரியர் 1999-இல் வாதித்தார். வேறு காரணங்களும் உண்டு என்போர் உளர். எனக்கு இவ்வாதமே பெரிதும் பொருத்தமாகத் தோன்றுகிறது. பத்துக் கம்பெனிகள் கூப்பிடு தூரத்தில் இருந்து, எதிற் சேர்ந்தாலும் தடை இல்லையென்றால், அனுபவம் மிகுந்தவனுக்கு உள்ளூர்க் கம்பெனியே விலையை உயர்த்திக் கொடுத்தாக வேண்டும்.

இது வெறுங் கருத்தன்று என்பதற்கு முதலாளிமாரே சாட்சி. ஆப்பிள், கூகிள், இன்டெல், அடோபி முதலிய கம்பெனிகள், ஒருவர் ஆளை மற்றவர் தாமாகக் கூப்பிடுவதில்லையெனத் தங்களுக்குள் உடன்பாடு செய்திருந்தன என்று 2010-இல் அமெரிக்க நீதி இலாகா வழக்குத் தொடுத்தது. அதற்குப்பின் தொழிலாளர் தொடுத்த வழக்கில் வன்பொருட் பொறியாளர் உட்பட 64,000-க்கு மேற்பட்டோர் சேர்க்கப்பட்டனர். மேற்படி நான்கு கம்பெனிகளும் 41 கோடியே 50 லட்சம் டாலர் கொடுத்துத் தீர்த்துக்கொள்ள 2015-இல் நீதிமன்றம் இசைந்தது. வாயில்கள் திறந்திருந்தாற் சம்பளம் ஏறும் என்று அவர்கள் அஞ்சவில்லையானால், அவ்வுடன்பாடு எதற்கு?

கலிபோர்னியாவிற் பெறும் மிகுதி அங்கேயே செலவாவதும் உண்டு. சாண்டா கிளாரா ஜில்லாவில் ஒரு நடுத்தரத் தனி வீடு 15 லட்சம் டாலருக்கு மேல். டெக்ஸாஸின் ஆஸ்டின் வட்டாரத்தில் 5 லட்சத்துக்குள் கிடைக்கும். கலிபோர்னியாவில், நடுத்தரப் பொறியாளரின் வருமானத்து மேற்பகுதிக்கு 9.3 சதவீத மாகாண வரி உண்டு. டெக்ஸாஸில் மாகாண வருமான வரியே இல்லை. ஆதலின் டெக்ஸாஸிற் குறைந்த சம்பளம் பெறும் பிள்ளை முதலில் வீடு வாங்கினால் நாம் ஆச்சரியப்பட வேண்டுவதில்லை. அவனுக்கு உள்ள குறை வேறு. வேலை போனால் தட்டுதற்குரிய கதவுகள் சாண்டா கிளாராவில் இருக்குமளவு அங்கே இரா.

இதுகாறும் கூறியது அந்நாட்டுக் குடிகளுக்குப் பொருந்தும். நம் பிள்ளைகள் திறத்தில் இன்னொரு செய்தி உண்டு. அவர்களிற் பலர் எச்-1பி என்னும் அனுமதியின்மேல் வேலை பார்ப்பவர். அவ்வனுமதிக்காக, கம்பெனி அவ்வட்டாரத்தில் அத்தொழிலுக்கு வழங்கும் ஊதியத்துக்குக் குறையாமற் கொடுப்பதாக உறுதி கூறவேண்டும். 2004-ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வூதியத்தை அனுபவம், கல்வி, மேற்பார்வை ஆகியவற்றுக்கு ஏற்ப நான்கு படிகளாக வகுக்கச் சொல்லிற்று. முதற்படி, அவ்வட்டாரத்து நூற்றுவரைக் கீழிருந்து வரிசைப்படுத்தினால் 17-ஆமவர் பெறும் அளவு என்றும், மேற்படி 67-ஆமவர் அளவு என்றும் 2005 முதற் கணக்கிட்டு வந்தனர். அனுபவம் உள்ளவனை முதற்படியில் எழுதிவிட்டால் அவன் ஆண்டுகள் கணக்கில் வாராமற்போம்.

அன்றியும், கலிபோர்னியாவில் அனைவர்க்கும் திறந்திருக்கும் வாயில் இவர்களுக்குப் பாதியே திறந்திருக்கிறது. வேறு கம்பெனி மனுச் செய்தால் மாறலாம் என 2000-ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்தது உண்மை. ஆனால் வேலை நீங்கினால் அடுத்ததைத் தேட அதிகபட்சம் 60 நாளே தவணை. நிரந்தர வாசத்துக்குரிய கிரீன் கார்டிலோ எந்த ஒரு நாட்டாருக்கும் நூற்றுக்கு 7 பங்கு என்ற வரம்பு இருத்தலின், நம் நாட்டார் வரிசை பல்லாண்டு நீள்கிறது. இடையிற் கம்பெனி மாறினால் வரிசையிற் பெற்ற இடம் பெரும்பாலும் நிலைக்குமாயினும், விண்ணப்பத்தின் தொடக்க வேலைகளைப் புதிய கம்பெனி மீண்டும் செய்தாக வேண்டும். இதற்கு அஞ்சி இருந்த இடத்திலேயே இருப்போர் பலர். அஞ்சியிருப்பவர் கேட்கும் உயர்வுக்கும் துணிந்து நிற்பவர் கேட்கும் உயர்வுக்கும் உள்ள வேறுபாட்டை நான் விளக்க வேண்டுவதில்லை.

ஆகவே, பிள்ளைகளை அனுப்பும் பெற்றோரும், சம்பந்தம் பேசச் செல்லும் பெரியோரும் ஒன்று செய்யலாம். எச்-1பி மனுவுக்காகக் கம்பெனி தொழில் இலாகாவுக்குக் கொடுக்கும் உறுதிப் பத்திரத்தின் பிரதியை வேலைக்குச் சேரும் நாளுக்குள் அப்பிள்ளையிடம் கொடுத்தாக வேண்டும் என்பது விதி. தொழிலின் பெயர், வேலை செய்யும் ஜில்லா, நான்கனுள் எந்தப் படி, ஆண்டுச் சம்பளம் ஆகியவை அதில் எழுதப்பட்டிருக்கும். தொகையைப் படிப்பதற்கு முன் ஜில்லாவின் பெயரையும் படியின் எண்ணையும் படியுங்கள்.