நமக்கென்று ஒரு அழகான நோட்டு

(நமது கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம். வர இயலாத உறுப்பினர்களுக்காக, ஊக்குநர்கள் இதைக் குழுக் கூட்டத்தில் வாசித்துக் காட்டலாம்.)



கடன், தவணை, வட்டி பற்றியெல்லாம் காலையிலேயே பேசியாகிவிட்டது. இப்போது கொஞ்ச நேரம் வேறு ஒன்று பேசலாம். நோட்டைப் பற்றித்தான். "நோட்டா? அதைத்தானே வாரா வாரம் எழுதிக்கிட்டு இருக்கோம்" என்று ஊக்குநர்கள் சிரிப்பது தெரிகிறது. நாம் பேசப்போவது அந்த நோட்டு இல்லை.

ஒரு குழுவில் எத்தனை நோட்டு இருக்கிறது, எண்ணிப் பாருங்கள். வருகைப் பதிவேடு, தீர்மானப் புத்தகம், ரொக்கப் புத்தகம், பேரேடு, சேமிப்பு, கடன் பதிவேடுகள். அது போக ஆளுக்கு ஒரு பாஸ் புத்தகம். வீட்டுக்குப் போனால் பால் கணக்கு, மளிகைக் கடைச் சிட்டை, பிள்ளைகளின் பள்ளி நோட்டு. இத்தனையிலும் "இது என்னுடையது, எனக்குப் பிடித்ததை எழுதுவதற்கு" என்று ஒன்றாவது இருக்கிறதா?

நாம் எதில் எழுதுகிறோம்? பால் கணக்கைக் கிழித்த காலண்டர் தாளில் எழுதுகிறோம். போன் நம்பரைச் சுவரில் கரிக்கட்டியால் எழுதுகிறோம். சமையல் குறிப்பு என்றால், பிள்ளைகள் எழுதி முடித்த நோட்டின் கடைசிப் பக்கம். யாரோ மிச்சம் வைத்த தாளில்தான் நம் எழுத்து இருக்கிறது. தாளை வீணாக்காதது நல்ல குணம்தான். ஆனால் நமக்கு வருவது எல்லாமே மிச்சமாகத்தான் வர வேண்டுமா?

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. 1990-களில் அறிவொளி இயக்கத்தில் லாந்தர் வெளிச்சத்தில் எழுத்துப் படித்தவர்கள் இந்தக் கூட்டத்திலேயே பலர் இருக்கிறீர்கள். அப்போது கடிதம் எழுதிய கை, இப்போது கையெழுத்து மட்டும்தான் போடுகிறது. பேரெழுதும்போது சரளமாகப் போகிறது. வேறு ஒரு வார்த்தை எழுதச் சொன்னால் நின்று யோசிக்கிறது. எழுத்து என்பது அரிவாள் மாதிரி. தீட்டாமல் வைத்தால் துருப்பிடிக்கும். பாடுபட்டுச் சம்பாதித்த எழுத்தை இழந்துவிடக் கூடாது என்பதுதான் எங்கள் கவலை. அதற்கு ஒரு அழகான நோட்டு உதவும் என்று நம்புகிறோம்.

சீன நாட்டுத் தோழிகளின் நோட்டு

சீனாவில் ஹூனான் என்று ஒரு மாகாணம். அதன் தெற்கே ஜியாங்யோங் என்ற மலையும் வயலுமான பகுதி. அங்கே பெண் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் வழக்கம் அந்தக் காலத்தில் இல்லை. ஆண்கள் படித்த எழுத்து பெண்களுக்குக் கிடைக்கவில்லை. அந்தப் பெண்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? தங்களுக்கென்றே ஒரு எழுத்து வைத்துக்கொண்டார்கள். அதற்கு 'நூஷூ' என்று பெயர். பெண் எழுத்து என்று அர்த்தம். ஒல்லியாக, சாய்வாக, தையல் போட்ட மாதிரி இருக்கும். தாய் மகளுக்கும், அத்தை மருமகளுக்கும் சொல்லிக் கொடுத்தார்கள். ஆண்களுக்கு அது வாசிக்கத் தெரியாது.

அங்கே பெண்கள் சிலர் சேர்ந்து, "நாம் இனி அக்கா தங்கை" என்று உறுதி எடுத்துக்கொள்வது வழக்கம். ஒன்றாக உட்கார்ந்து பூ வேலை தைப்பார்கள், பாட்டுப் பாடுவார்கள், நூஷூ எழுதுவார்கள். நம் குழு மாதிரிதான், சேமிப்பும் கடனும் மட்டும் இல்லை.

அந்தத் தோழிகளில் ஒருத்திக்குக் கல்யாணம் ஆனால், அவள் வேறு ஊருக்குப் போய்விடுவாள். கல்யாணம் முடிந்த மூன்றாம் நாள், பிறந்த வீட்டுச் சீரோடு அவளுக்கு ஒரு நோட்டு போகும். 'மூன்றாம் நாள் புத்தகம்' என்று அதற்குப் பெயர். துணியில் அட்டை, நூலில் தைத்த தாள். முதல் சில பக்கங்களில் தாயும் தோழிகளும் எழுதியிருப்பார்கள். பிரிவின் துக்கம், வாழ்த்து, போன இடத்தில் எப்படி இருக்க வேண்டும் என்ற புத்தி எல்லாம் அதில் இருக்கும். புகுந்த வீட்டுப் பெண்கள் கூடி உட்கார்ந்து அதைப் பாட்டாகப் பாடிக் கேட்பார்கள்.

மிச்சப் பக்கங்கள் எல்லாம் வெறுமையாக இருக்கும். அவளே எழுதிக்கொள்வதற்குத்தான். பூ வேலைக்கான நூலும், காகிதத்தில் வெட்டிய மாதிரிகளும் அந்தப் பக்கங்களுக்கு நடுவில் பத்திரமாக இருக்கும். புது ஊரில், தெரியாத முகங்களுக்கு நடுவில், "இது உனக்காக" என்று தோழிகள் கொடுத்த வெற்றுப் பக்கம் எவ்வளவு பெரிய துணை, யோசித்துப் பாருங்கள்.

ஒரு பெண் இறந்தால் அவளுடைய புத்தகத்தையும் எரித்துவிடுவார்கள், அல்லது அவளோடு புதைத்துவிடுவார்கள். மறு உலகத்திலும் அவளுக்கு அது வேண்டும் என்ற எண்ணம். அதனால் இன்று மிஞ்சியிருப்பவை கொஞ்சம்தான். வெளியுலக ஆய்வாளர்கள் இந்த எழுத்தைக் கவனித்து எழுதத் தொடங்கியதே 1980-களில்தான். பழைய முறையில் கற்று எழுதிய கடைசிப் பெண் என்று அறியப்பட்ட யாங் ஹுவான்யி என்ற மூதாட்டி 2004-இல் காலமானார். 2006-இல் சீன அரசு நூஷூவை நாட்டின் பண்பாட்டுச் சொத்துப் பட்டியலில் சேர்த்தது. இன்று இளம் பெண்கள் சிலர் மறுபடி அதைக் கற்கிறார்கள்.

நம்மிடமும் இருக்கிறது

"அங்கே இருந்தது, இங்கே என்ன இருக்கு?" என்று கேட்பீர்கள். கோல நோட்டை மறந்துவிட்டீர்களா?

மார்கழி வரப்போகிறது என்றால் அந்த நோட்டு பெட்டியை விட்டு வெளியே வரும். 15 புள்ளி 8 வரை இடைப்புள்ளி, 9 புள்ளி நேர்ப்புள்ளி, சிக்குக் கோலம், பொங்கல் பானை, தேர். ஒவ்வொரு பக்கமும் ஓரம் கட்டி, கலர் பென்சில் தீட்டி இருக்கும். பத்திரிகையில் வந்த கோலத்தை வெட்டி ஒட்டியிருப்போம். ஒரு தெருவில் யாரிடம் நல்ல கோல நோட்டு இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். ராத்திரி வாங்கிப் பார்த்துப் போட்டுப் பழகி, காலையில் திருப்பிக் கொடுப்போம். சிலர் கல்யாணமாகிப் போகும்போது துணிமணியோடு கோல நோட்டையும் எடுத்துப் போனார்கள். மூன்றாம் நாள் புத்தகத்துக்கும் இதற்கும் ரொம்ப தூரம் இல்லை, பாருங்கள்.

புது நோட்டுக்கு நாலு மூலையிலும் மஞ்சள் தடவுகிறோம், மேலே பிள்ளையார் சுழி போடுகிறோம். நோட்டை மதிக்கவும் அலங்கரிக்கவும் நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. குழுக்களில் நாங்கள் பார்த்த தனி நோட்டுகளும் உண்டு. ஒரு அக்கா தன் அம்மா பாடிய தாலாட்டையும் நடவுப் பாட்டையும் எழுதி வைத்திருக்கிறார். இன்னொருவர் எந்த விதையை எந்தக் கிழமை போட்டோம், எப்போது முளைத்தது என்று எழுதுகிறார். பக்கத்தில் இலையையும் ஒட்டி வைக்கிறார். கேட்டால் "சும்மா" என்கிறார்கள். சும்மா இல்லீங்க, அது பொக்கிஷம்.

மூன்று பெண்கள் எழுதிய கடிதம்

நோட்டு, பேனா, தாள் என்றால் உயிர் என்கிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். கூடி உட்கார்ந்து ஒருவர் நோட்டை மற்றவருக்குக் காட்டுவார்கள். பூப் போட்ட தாளைத் துண்டு துண்டாக வெட்டி மாற்றிக்கொள்வார்கள். ஜப்பானில் டோக்கியோ நகரத்தில், பெண்களை மனதில் வைத்தே 2017-இல் ஒரு எழுதுபொருள் கண்காட்சி தொடங்கினார்கள். நோட்டையும் பேனாவையும் பார்க்க டிக்கெட் வாங்கிக்கொண்டு போகிறார்கள் என்றால் நம்புவீர்களா?

அதே ஜப்பானில் குராஷிகி என்ற ஊரில் காமோய் என்று ஒரு கம்பெனி. 1923-இல் ஈ ஒட்டும் தாள் செய்வதற்காக ஆரம்பித்தது. பிறகு, பெயிண்ட் அடிக்கும்போது ஓரத்தில் ஒட்டுகிற காகித டேப் செய்தது. வேலை முடிந்ததும் உரித்துத் தூர எறிகிற டேப்தான் அது. 2006-இல் அந்தக் கம்பெனிக்கு மூன்று பெண்களிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. "உங்கள் டேப் எங்களுக்கு ரொம்பப் பிடிக்கும். அதை வைத்து அலங்காரம் செய்கிறோம். தொழிற்சாலையைப் பார்க்க வரலாமா?" என்று கேட்டிருந்தார்கள். தாங்களே செய்த சின்னப் புத்தகம் ஒன்றையும் காட்டினார்கள். பெயிண்டர் வாங்கும் சாமானில் இவர்களுக்கு என்ன வேலை என்று கம்பெனிக்காரர்களுக்கு ஆச்சரியம். ஆனாலும் வரச் சொல்லிக் காது கொடுத்துக் கேட்டார்கள். அடுத்த ஓரிரு ஆண்டுகளில் பல வண்ணங்களில் அலங்கார டேப் வந்தது. இன்று 'வாஷி டேப்' என்று நம் ஊர் பேன்சி ஸ்டோர் வரைக்கும் வந்துவிட்டது.

அந்த மூன்று பேரும் தங்களுக்குப் பிடித்ததை ஒளித்து வைக்காமல், சேர்ந்து போய்க் கேட்டார்கள். அவ்வளவுதான். ஒருத்தியின் ஆசையை ஊர் விளையாட்டாக நினைக்கும். மூன்று பேர் சேர்ந்து கேட்டால் காது கொடுக்கும். இது குழுப் பெண்களுக்குப் புதிய பாடம் இல்லை.

வீண் செலவா?

இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். வாரச் சேமிப்புக்கே கஷ்டப்படும்போது அழகான நோட்டு எதற்கு? நியாயமான கேள்வி. அதனால் கடைக்குப் போய் விலை உயர்ந்த நோட்டு வாங்குங்கள் என்று சொல்ல மாட்டோம். இதற்காகச் சங்கக் கடன் கேட்டும் வந்துவிடாதீர்கள்! (சிரிப்பு)

நோட்டு ஆசை இருப்பவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. அழகாக இருக்கிறது என்று வாங்கி வாங்கி அடுக்குவார்கள். எழுதினால் அழுக்காகிவிடுமே என்று ஒன்றிலும் எழுத மாட்டார்கள். அது வேண்டாம். ஒரு நோட்டு போதும். அது முடிந்த பிறகு அடுத்தது.

செலவில்லாமல் நாமே செய்துகொள்ளலாம். செய்முறை இதோ:

1. ஒரு பக்கமாவது சுத்தமாக இருக்கும் ஏ4 தாள் பத்து எடுங்கள். மொத்தமாகப் பாதியாக மடியுங்கள். 40 பக்கம் கிடைக்கும். ஒரு பக்கம் அச்சடித்திருந்தால் அதில் படம், கோலம் ஒட்டலாம்.

2. பழைய காலண்டர் அட்டையைத் தாள் அளவுக்கு வெட்டி நடுவில் மடியுங்கள். கிழிந்த சேலையில் நல்ல பூ உள்ள பாகத்தையோ கரையையோ வெட்டி, மைதாப் பசை தடவி அட்டையில் ஒட்டுங்கள். நன்றாகக் காயட்டும். பைண்டிங் கடைகளில் பூச்சி வராமல் இருக்கப் பசையில் மயில்துத்தம் கலப்பார்கள். அது விஷம், பிள்ளைகள் உள்ள வீட்டில் வேண்டாம். காய்ந்த வேப்பிலை இரண்டு பக்கத்துக்கு நடுவில் வைத்தால் போதும்.

3. தாளை அட்டைக்குள் வைத்து, மடிப்பின் மேல் கோணி ஊசியால் மூன்று ஓட்டை போடுங்கள். நடுவில் ஒன்று, மேலே ஒன்று, கீழே ஒன்று.

4. கெட்டி நூலை உள்ளிருந்து நடு ஓட்டை வழியாக வெளியே இழுங்கள். மேல் ஓட்டையில் உள்ளே விடுங்கள். உள்பக்கமாகவே நடுவைத் தாண்டி, கீழ் ஓட்டையில் வெளியே எடுங்கள். மறுபடி நடு ஓட்டையில் உள்ளே கொண்டுவந்து, இரண்டு முனையையும் இறுக்கி முடிச்சுப் போடுங்கள். உள்ளே ஓடும் நீள நூல் முடிச்சுக்கு நடுவில் அகப்பட வேண்டும். அப்போதுதான் தளராது.

இதை வருமானத் திட்டமாக நாங்கள் கொண்டுவரவில்லை. நன்றாகச் செய்பவர்கள் பின்னால் விற்றாலும் விற்கலாம், தப்பில்லை. ஆனால் பெண் கை வைக்கும் எல்லாமே காசாக மாறித்தான் ஆக வேண்டும் என்று சட்டம் இல்லை. சந்தோஷத்துக்காகவும் ஒன்று இருக்கட்டும்.

என்ன எழுதுவது?

முதல் பக்கத்தைப் பார்த்தால் கை நடுங்கும். அதனால் முதல் பக்கத்தில் ஒரு கோலம் போட்டுவிடுங்கள், பயம் போய்விடும். பிறகு தினம் ஒரு வரி. இன்று மழை, கன்றுக்குட்டி எழுந்து நின்றது, மகள் சிரித்தாள் என்று எதுவாகவும் இருக்கலாம். பிழை வந்தால் வரட்டும். திருத்த இங்கே வாத்தியார் இல்லை. எழுத வராதவர்கள் படம் வரையுங்கள், பூ ஒட்டுங்கள், பேத்தியைச் சொல்லி எழுத வையுங்கள். வங்கி ரகசிய எண்ணை மட்டும் அதில் எழுதாதீர்கள்.

வீட்டில் உள்ளவர்களிடமும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்: "இது என் நோட்டு. கேட்காமல் பிரிக்கக் கூடாது." பிள்ளைகளுக்கு இது நல்ல பழக்கம். பெரியவர்களுக்கும்தான்.

கடைசியாக, குழுக்களுக்கு ஒரு வேண்டுகோள். மாதக் கடைசிக் கூட்டத்தில் கணக்கு முடிந்த பிறகு, விரும்புகிறவர்கள் நோட்டைக் கொண்டுவந்து காட்டட்டும். விருப்பமில்லாத பக்கத்தைக் காட்ட வேண்டியதில்லை. உங்கள் குழுவில் அடுத்த கல்யாணம் எந்த வீட்டில்? அந்தப் பெண்ணுக்குச் சேர்ந்து ஒரு நோட்டுத் தையுங்கள். உறுப்பினர் ஒவ்வொருவரும் ஒரு வரி எழுதுங்கள். மிச்சப் பக்கத்தை அவளுக்கு விட்டுவிடுங்கள். பாத்திரமும் பீரோவும் பலர் கொடுப்பார்கள். வெற்றுப் பக்கம் கொடுக்க நம்மால்தான் முடியும்.

அடுத்த பொதுக்குழுவுக்கு வரும்போது தீர்மானப் புத்தகத்தோடு உங்கள் நோட்டையும் கொண்டுவாருங்கள். பார்க்க ஆசையாகக் காத்திருக்கிறோம்.