உடம்புக்கு அளவெடுத்த கதிரை

(சங்கத்தின் சித்திரைப் புத்தாண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கைவிசேஷம் வாங்கிப் பலகாரமும் சாப்பிட்டுவிட்டு இருக்கிற நேரத்திலை, சக்கர நாற்காலியைப் பற்றி ஒருவன் பேச வந்து நிற்கிறானே என்று சிலர் நினைக்கக்கூடும். செயலாளர் என்னிடம் கேட்டது, "அண்ணை, உங்கடை தொழிலைப் பற்றிக் கொஞ்சம் பேசுங்கோ" என்றுதான். ஊரிலை சைக்கிள் திருத்தின கை இது. மெல்பேர்ணுக்கு வந்த பிறகு பல வருடம் ஒரு பட்டறையில் சக்கர நாற்காலிகளுக்கு அலுமினியக் குழாய் ஒட்டினேன். விளையாட்டு வீரர்களின் கதிரைகளும் அங்கே வரும். அதைத்தான் சொல்லப்போறன்.

ஆஸ்பத்திரியில் ஆளை வைத்துத் தள்ளிக்கொண்டு போகிற கதிரையை எல்லோரும் கண்டிருப்பீர்கள். மடிக்கலாம், யாரும் இருக்கலாம், பதினைந்து இருபது கிலோ வரும். அது இன்னொருவர் தள்ளுவதற்கென்று செய்தது. ஓட்டப் போட்டிக் கதிரை வேறு சாதி. மூன்று சில்லு. முன்னுக்கு ஒரு சின்னச் சில்லு நீட்டிக்கொண்டு நிற்கும். பின்னுக்கு உள்ள இரண்டும் மேலே ஒடுங்கி, கீழே அகன்று, சரிந்து நிற்கும். பலர் அதற்குள் முழங்காலை மடித்து, நெஞ்சு தொடையிலே படக் குனிந்திருப்பினம். மொத்தமும் எட்டுப் பத்துக் கிலோதான். கியர் பூட்ட விதி இடம் கொடாது. கையால் தள்ளுகிற வளையம் சில்லை விட நல்லாய்ச் சின்னன். சைக்கிள் மிதித்தவர்களுக்கு இது உடனே விளங்கும். வெளிக்கிடும்போது பாரம், வேகம் பிடித்த பிறகு இலாபம். எந்த நேரமும் பெரிய கியரிலை ஓடுகிற மாதிரி.

வளையத்தை அவர்கள் பிடித்துத் தள்ளுவதில்லை, குத்தித் தள்ளுகிறார்கள். அதற்கு ஒரு கையுறை. சுடுதண்ணியில் இளகுகிற பிளாஸ்ரிக்கைத் தங்கள் கைமுட்டிக்கு ஏற்றபடி தாங்களே அழுத்திச் செய்த வீரர்கள் பலர். இப்போது கணினியில் வரைந்து அச்சடித்தும் எடுக்கிறார்கள்.

காபன் ஃபைபர் வந்ததால் எடை குறைந்தது என்று எல்லோரும் சொல்லுவினம். உண்மைதான். ஆனால் எடையிலும் பார்க்க முக்கியமான ஒன்று இருக்கிறது. குழாய் வளையக்கூடாது. தள்ளுகிற பலத்தில் ஒரு பங்கை வளைகிற குழாய் தின்றுவிடும். அதைவிட முக்கியம் அளவு. இடுப்புக்கும் கதிரைக்கும் நடுவிலை இரண்டு விரல் இடைவெளி இருந்தால், ஆள் முதலில் கதிரைக்குள் அசைந்து, பிறகுதான் கதிரை அசையும். அதனாலே ஒரு வீரரின் கதிரையை இன்னொருவர் இரவல் வாங்கி ஓட ஏலாது. தையல்காரரிடம் சட்டைக்கு அளவு கொடுப்பது போலத்தான்.

2000 ஆம் ஆண்டு சிட்னி பரா ஒலிம்பிக்கில் தீபம் ஏற்றிய லூயிஸ் சோவாஜை இங்கே வளர்ந்த பிள்ளைகள் அறிந்திருக்கக்கூடும். பொஸ்ரன் மரதனை நான்கு தடவை வென்றவர். பிறகு அவரே பயிற்றுநராகி மடிசன் டி றொசாரியோவை உருவாக்கினார். 2021 இல் ரோக்கியோவில் 800 மீற்றரும் மரதனும் மடிசனுக்குத் தங்கம். எனக்கு மிகப் பிடித்த ஓட்டம் ஆனால் கேர்ட் ஃபேர்ன்லியினுடையது. நியூ சவுத் வேல்ஸில் கார்கோர் என்ற சின்ன ஊர்ப் பிள்ளை. 2004 இல் ஏதென்ஸ் மரதனில் கடைசி ஐந்து கிலோமீற்றரை ரயரில் காத்துப் போன கதிரையோடு தள்ளி முடித்துத் தங்கம் எடுத்தார். காத்துப் போன சைக்கிளைச் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் மட்டும் உருட்டின ஆட்கள் இந்த மண்டபத்திலை இருக்கினம். அவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

எல்லா விளையாட்டுக்கும் மெல்லிய கதிரை சரிவராது. சக்கர நாற்காலி றக்பியைப் பாருங்கள். கனடாவில் 1977 இல் தொடங்கிய விளையாட்டு. அவுஸ்திரேலியா 2012 லண்டனிலும் 2016 றியோவிலும் தங்கம் வென்றது. அங்கே கதிரையைக் கதிரையால் இடிக்கிறதுதான் ஆட்டம். சில்லுக் கம்பியை மூடித் தகடு, முன்னுக்கு இடி தாங்க இரும்புக் கவசம் போல ஒரு சட்டம். ஒட்டு விட்டுப்போய்த் திரும்பி வருகிற கதிரைகளில் அவைதான் அதிகம். எங்கடை பட்டறைக்கு நல்ல வருமானம்!

இனி நான் சொல்ல வந்த விஷயம். இதெல்லாம் பெரிய வீரர்களுக்குத்தானே, எங்களுக்கு என்ன என்று கேட்பீர்கள். கலிபோர்னியாவில் மர்லின் ஹமில்ரன் என்ற பெண் 1978 இல் கிளைடரில் பறக்கும்போது விழுந்து கால் இயக்கத்தை இழந்தார். அவருக்குக் கிடைத்த கதிரை பாரமான இரும்பு. கிளைடர் செய்கிற இரண்டு நண்பர்களிடம் போய், அந்த அலுமினியக் குழாயிலேயே ஒரு கதிரை கேட்டார். பழையதன் பாதி எடையும் இல்லை. அதிலே இருந்து ரென்னிஸ் ஆடினார். கடைக்கும் வேலைக்கும் போக ஆட்கள் இன்று பாவிக்கிற மெல்லிய கதிரைகளுக்கு வழி திறந்தது அந்தக் கதிரை. விளையாட்டுக்காரர் கேட்டுப் பெற்றது பிறகு எல்லோருக்கும் வந்தது.

எங்கடை பக்கத்திலும் இப்படி ஒன்று உண்டு. யாழ்ப்பாணத்திலை ஜெய்ப்பூர் கால் தெரியாதவர் இல்லை. 1968 அளவில் ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் டொக்டர் சேத்தியும் செய்தது. றப்பர், மரம், அலுமினியம். காபன் காலோடு ஓடலாம். ஆனால் வெறுங்காலோடு வயலில் இறங்க, நிலத்திலே சப்பாணி கட்டி இருக்க, ஜெய்ப்பூர் கால்தான். அதுவும் இருக்கிற இடத்துக்கு அளவெடுத்ததுதானே. சேலத்து மாரியப்பன் தங்கவேலுவை எடுங்கள். ஐந்து வயதில் பேருந்து ஏறிக் கால் சிதைந்த பிள்ளை. 2016 றியோவில் 1.89 மீற்றர் பாய்ந்து தங்கம், அடுத்து ரோக்கியோவில் வெள்ளி, 2024 பரிசில் வெண்கலம். பரிசில் தங்கம் வென்ற அமெரிக்கர் காபன் கால் பூட்டிப் பாய்ந்தார். மாரியப்பன் தன் காலோடுதான்.

எங்கள் சனத்துக்குள் செல்லிலும் கண்ணிவெடியிலும் கால் போனவர்கள் எத்தனை பேர் என்று நான் சொல்லத் தேவையில்லை. அவர்களில் ஒரு தம்பியின் கதிரையைப் போன மாதம் பார்த்தேன். யாரோ இரக்கப்பட்டுக் கொடுத்தது. இடுப்பு முப்பத்தைந்து சென்ரிமீற்றர், கதிரை நாற்பத்தைந்து. வளையத்தை எட்ட அவர் கோழி செட்டை விரிப்பது போலக் கையை விரிக்க வேண்டியிருக்கு. தோள் நோகுது என்கிறார். நோகாமல் என்ன செய்யும்? அவரைச் சோம்பேறி என்று வீட்டிலே ஏசுகிறார்கள்.

அரசாங்கத்தின் என்.டி.ஐ.எஸ். திட்டம் இப்படியான கதிரைக்கு உதவும். ஆனால் குடியுரிமையோ நிரந்தர விசாவோ வேண்டும், விண்ணப்பிக்கும்போது வயது அறுபத்தைந்துக்குக் கீழே இருக்க வேண்டும். தற்காலிகப் பாதுகாப்பு விசாவில் இருந்தவர்களுக்கு 2023 பெப்ரவரியில் நிரந்தர விசாவுக்கு வழி திறந்தது. அது கிடைத்தவர்கள் பலர் இன்னும் இந்தத் திட்டத்துக்கு மனுப் போடவில்லை, யாரும் சொல்லாதபடியால். பிறிட்ஜிங் விசாவில் இருப்பவர்களுக்குக் கதவு பூட்டித்தான் கிடக்குது. அந்தத் தம்பி இந்த இரண்டாவது கூட்டம். அவருக்கு நாங்கள்தான் ஏதாவது செய்ய வேணும். குழாயும் சில்லும் நான் பார்க்கிறேன், காசுக்குச் சங்கம் ஒரு வழி பார்க்கட்டும்.

மற்றவர்கள் விண்ணப்பிக்கிற நேரம் ஓ.ரி. என்று சொல்லுகிற தெரப்பிஸ்ற் வந்து அளவெடுப்பார். அப்போது வெட்கப்படாமல் எல்லாம் சொல்லுங்கோ. எந்தக் கோயிலுக்குப் போறியள், காரில் ஏற்றுவது ஆர், வீட்டு வாசலில் எத்தனை படி, பிள்ளைக்கு விளையாட விருப்பமோ என்று. அளவு பார்க்க விரும்புகிறவர்கள் இண்டைக்குச் சாப்பாட்டுக்குப் பிறகு வரலாம். அளவு நாடா சட்டைப்பைக்குள் இருக்குது.